அத்தைக்குச் சொன்ன வெயில்

எனக்கு ஒன்பது வயதானபோது அத்தை சோற்றைக் கண்டு பயப்படத் தொடங்கினார். அப்பாவின் தங்கை அவர். கண்டிக்குப் பக்கத்திலுள்ள கட்டுகஸ்தோட்டையில், எங்கள் கடைக்கு மேலே இருந்த வீட்டில் எங்களோடுதான் இருந்தார். எதைச் சாப்பிட்டாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிடுவார். ஊரில் எந்தக் காய்ச்சல் வந்தாலும் முதலில் அவரைத்தான் பிடிக்கும். ஹேவாஹெட்டப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் படிப்பித்துக்கொண்டிருந்தவர், நீண்ட லீவில் வந்திருந்தார்.

கண்டியில் அவரைப் பார்த்த டொக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். "குடல்ல அழற்சி இருக்கு, அதுக்கு மருந்து தாறன். விட்டமின் டியும் நல்லாக் குறைஞ்சுபோச்சு. குடலுக்கும் அது வேணும், நோயை எதிர்க்கவும் வேணும். விட்டமின் குளிசையைப் போட்டுக்கொண்டு, காலமை கொஞ்சம் வெயில்லயும் இருங்கோ பிள்ளை" என்றார்.

அம்மாவுக்கு அந்த டொக்டரைப் பிடிக்கவில்லை. "கறுத்துப் போனா, பொண்ணு பார்க்க வர்றவங்க என்ன சொல்லுவாங்க?"

"வயித்தப் புடிச்சிக்கிட்டு வெள்ளையா இருந்து என்ன செய்ய அண்ணி?" என்று கேட்ட அத்தை, என் கையைப் பிடித்துக்கொண்டு மொட்டைமாடிக்கு ஏறினார்.

கண்டி வெயிலை நம்ப முடியாது. மலைப்பக்கமிருந்து மேகம் வந்து மூடிக்கொள்ளும். காலையில் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு அத்தை காத்திருப்பார். அந்த நேரமெல்லாம் தன் வகுப்புப் பிள்ளைகளைப் பற்றியே சொல்லுவார். ஒருத்தி பாட்டுக்காரி, ஒருத்தன் கணக்கில் புலி. நான் பார்த்தே இராத அந்தப் பிள்ளைகள்மீது எனக்குப் பொறாமையாக இருக்கும். ஆனாலும் அத்தையின் தோளில் சாய்ந்திருக்கும் இடம் எனக்கு மட்டும்தானே என்று நினைத்துக்கொள்வேன். அந்த இளஞ்சூட்டை இன்றைக்கும் தேடுகிறேன்.

மருந்தா, குளிசையா, வெயிலா, எது கேட்டதோ தெரியாது. ஒருநாள் பகல் அத்தை இரண்டாம் முறை சோறு கேட்டார். அம்மா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தார்.

பாடசாலையில் அடுத்த தவணை தொடங்கியதும் அத்தை பெட்டியோடு பஸ் ஏறப் போனார். நான் சேலையைப் பிடித்துக்கொண்டேன்.

"இன்னும் வயிறு வலிக்குதுதானே அத்தை?"

"இல்லம்மா, இப்ப நல்லா இருக்கு. புள்ளைங்க வழி பாத்துக்கிட்டு இருக்கும்" என்று சிரித்தார்.

அவர் சுகமாக வேண்டும் என்று தினமும் பிள்ளையாரைக் கும்பிட்டவள் நான்தான். சுகமானவர்கள் புறப்பட்டுப் போய்விடுவார்கள் என்று அப்போது எனக்குத் தெரியாது.