கடைசிக் குடம்

இஸ்திரிப் பெட்டியில் துணி கருகினால் போதும், லப்பைக்குடிக்காட்டில் இருந்த என் அத்தாவின் ஜவுளிக்கடைக்குள் போய் நின்றுவிடுகிறேன். புதுச்சேலை வாசமும் துணி கிழிபடும் சத்தமுமாக இருந்த அந்தக் கடை, யுத்த காலத்தில் ஒருநாள் எரிந்துபோனது. ஊரே வெள்ளாற்றிலிருந்து குடம் குடமாகச் சுமந்து ஊற்றி அணைத்த நேரத்தில், லுஹர் என்னும் நண்பகல் தொழுகைக்குப் பாங்கு கேட்டது. கடைசிக் குடத்தைச் சாய்க்கப்போன என் தாய்மாமாவை அத்தா தடுத்தார்.

"அத ஊத்திராதீங்க மச்சான். தொழுவணும், ஒளு செய்யத் தண்ணி வேணும்."

கை, கால், முகம் கழுவி, சூடு ஆறாத தரையில் துண்டை விரித்து, எப்போதும்போல அவசரமில்லாமல் தொழுதார். எழுந்தபோது, துண்டு எட்டாமல் தரையில் பதிந்த நெற்றியில் சாம்பல் ஒட்டியிருந்தது; முகத்தில் கலக்கமே இல்லை.

அன்று பஜாரில் மற்ற எல்லோருக்கும் கடை இருந்தது. அப்படி ஒரு நெற்றி என் அத்தாவுக்குத்தான் இருந்தது.