நடுவானில் நிறுத்த முடியாத உத்தியோகம்

கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டும் விளையாட்டுகள் இருக்கின்றன. அவற்றில் மனம்போன போக்கில் பறப்பது ஒரு வகை. ‘கெரியர் மோட்’ இன்னொரு வகை, அதாவது உத்தியோகம். லைசென்ஸ் தேர்வில் தேறி, குட்டி விமானத்தில் ஆரம்பித்து, பயணிகளை ஏற்றி இறக்கி, நல்ல பெயர் வாங்கி, படிப்படியாகப் பெரிய விமானத்துக்குப் போகவேண்டும். நான் செஞ்சியில் புவியியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். ஓய்வு பெற்ற மாதமே, பெங்களூரில் வேலை செய்யும் என் மகன் ஒரு கம்ப்யூட்டரும் விமானத்தைத் திருப்புகிற ஜாய்ஸ்டிக்கும் வாங்கிவந்து முன்னறையில் பொருத்திவிட்டுப் போனான். உலக வரைபடத்தைக் குச்சியால் தொட்டுக் காட்டியே காலம் தள்ளியவனுக்கு அந்த ஊர்களுக்கு மேலே பறக்கக் கிடைத்தால் கேட்கவா வேண்டும்? அடியோடு விழுந்துவிட்டேன்.

அந்த உத்தியோகத்தை வடிவமைத்த புண்ணியவான்களில் ஒருவர்கூட ஒரு நாளாவது உத்தியோகம் பார்த்திருக்கமாட்டார் என்று நான் சத்தியம் செய்வேன். எந்தப் பயணி ஏறினாலும் ஒரே குரல், அதே நாலு வாக்கியம். விமானத்தைக் கொஞ்சம் சாய்த்தால் பயமாக இருக்கிறது என்பார். பூப்போல இறக்கினாலும் அதையேதான் சொல்வார். தரையிறங்கிய பிறகு ஒரு விளக்கை அணைக்க மறந்தால் புள்ளி வெட்டு. ஒருமுறை ஓடுபாதையில் ஒழுங்காக நின்றுகொண்டிருந்த என் விமானம் தானாக மண்ணுக்குள் இறங்கியது, விபத்து என் தவறு என்று திரையில் வந்தது. ஒன்றரை மணி நேர உழைப்பு நாசம். யாரிடம் போய்ச் சொல்வது?

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். சும்மா பறக்கும்போது இருக்கிற நிறுத்தும் வசதியைக் கெரியர் மோடில் மட்டும் பிடுங்கிவிட்டார்கள். நிஜம்போல இருக்கவேண்டுமாம். என்ன நிஜம், மண்ணாங்கட்டி? நிஜ விமானிக்குப் பக்கத்தில் துணை விமானி இருக்கிறார். கொஞ்சம் பார்த்துக்கோ என்று சொல்லிவிட்டு அவர் எழுந்து போகலாம். எனக்கு அப்படி யாரும் இல்லை. கிளம்பிவிட்டால் இறக்கியே ஆகவேண்டும். நடுவில் எழுந்தால் பயணம் தோல்வி, நல்ல பெயரில் பன்னிரண்டு புள்ளி போய்விடும்.

நாங்கள் சமணர். பொழுது போனபிறகு சாப்பிடக்கூடாது என்பது எங்கள் நியமம். தேர்வுப் பணி, தேர்தல் பணி என்று ஊர் ஊராக அலைந்த காலத்திலேயே நான் அதை விட்டுவிட்டேன். என் மனைவி விடவில்லை. காய்ச்சலில் கிடந்தாலும், கல்யாண வீட்டுக்குப் போனாலும், பொழுதோடு சாப்பிட்டுவிடுவாள். தவறினால் மறுநாள் காலைவரை ஒன்றும் தொடமாட்டாள். இதுதவிர இன்னொரு நியமமும் வைத்திருந்தாள். நான் வீட்டில் இருந்தால் எனக்கு முன்னால் சாப்பிடமாட்டாள். இது எங்கள் எந்த நூலிலும் இல்லை, அவளாகப் போட்டுக்கொண்டது.

செஞ்சியில் இன்னொரு சங்கடம் உண்டு. கோட்டை மலை ஊருக்கு மேற்கே இருப்பதால் சூரியன் காலண்டரில் போட்ட நேரத்துக்கு முன்பே மலைக்குப் பின்னால் போய்விடும். நான் காலண்டரைக் காட்டுவேன். அவள் மலையைக் காட்டுவாள். புவியியல் வாத்தியாரிடமே வாதாடுகிறாயா என்றால், “சூரியன் கண்ணுக்குத் தெரியல இல்ல? அப்ப பொழுது போச்சு” என்பாள். அந்தப் பத்து நிமிஷத்துக்காக நாங்கள் சண்டை போடாத வாரம் கிடையாது.

ஆரம்பத்தில் சமையலறையிலிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருப்பாள். நான் “தோ, அஞ்சு நிமிஷம்” என்பேன். பிறகு அவளும் கற்றுக்கொண்டாள். “இன்னாங்க, ரன்வே தெரிஞ்சுடுச்சா?” என்று கேட்பாள். தெரிஞ்சுடுச்சு என்றால்தான் தட்டு வைப்பாள். சில நாள் நான் இறக்கி முடிக்கும்போது மலைக்குப் பின்னால் வெளிச்சம் போயிருக்கும். அன்றைக்கு எனக்கு மட்டும் பரிமாறுவாள். எதிரே உட்கார்ந்து, இன்று எந்த ஊரில் இறக்கினீர்கள் என்று கேட்பாள். நான் வாய் நிறைய அடையை வைத்துக்கொண்டு ஊர்க்கதை சொல்வேன். வெட்கங்கெட்டவன். “நீ ஏன் காத்துக்கினு இருக்கற, சாப்டேன்” என்று ஒப்புக்குச் சொல்வேன். “பசி இல்ல” என்பாள். நம்பிவிடுவது எனக்குச் சௌகரியமாக இருந்தது.

அவளுக்குச் சர்க்கரை வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. சாயங்காலச் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு மாத்திரை. அதைப் போட்டால் கட்டாயம் சாப்பிடவேண்டும் என்று டாக்டர் சொன்னபோது நானும் பக்கத்தில்தான் இருந்தேன். தலையைக்கூட ஆட்டினேன்.

அது மார்கழி, பொழுது சீக்கிரம் போய்விடும். நான் மடகாஸ்கர் பக்கம் ஒரு தீவிலிருந்து நோயாளி ஒருவரை அவசர சிகிச்சைக்கு ஏற்றிக்கொண்டு வந்தேன். வழியில் மழைமேகம். “ரன்வே தெரிஞ்சுடுச்சா?” என்று கேட்டாள். தெரியவில்லை. ஆனால் தெரிந்துவிட்டது என்றேன். அந்தப் பேச்சை நம்பித்தான் அவள் மாத்திரை போட்டிருக்கிறாள்.

முதல் முறை இறக்கும்போது காற்று தள்ளிவிட்டது. மறுபடி மேலே ஏறிச் சுற்றிவர வேண்டியதாயிற்று. அவள் வாசற்படியில் வந்து நின்றாள்.

“பொழுது மலைக்குப் போயிடுச்சுங்க.”

“மடகாஸ்கர்ல இப்பதான் மூணு மணி ஆவுது” என்றேன், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“அப்ப அங்கியே போய்ச் சாப்டுங்க” என்று சிரித்துக்கொண்டே உள்ளே போனாள்.

அருமையாக இறக்கினேன். நோயாளி நலமாகச் சேர்ந்தார் என்று வந்தது. எல்லா விளக்கையும் வரிசை தவறாமல் அணைத்தேன். முழுப் புள்ளி. அதைச் சொல்லிக்கொண்டேதான் சமையலறைக்குப் போனேன். மேடையோரம் விழுந்து கிடந்தாள். சர்க்கரை இறங்கி மயக்கம் வந்து, விழும்போது மேடை விளிம்பில் தலை மோதியிருக்கிறது. அடுப்பில் அடை கருகிக்கொண்டிருந்தது. ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன், அங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். கண்ணைத் திறக்கவே இல்லை. மூன்றாம் நாள் போய்விட்டாள்.

காரியங்கள் முடிந்த பிறகு எனக்கு அந்த விளையாட்டின்மேல்தான் அத்தனை ஆத்திரமும் வந்தது. அதைச் செய்தவர்களுக்கு நீளமாக ஒரு மின்னஞ்சல் எழுதினேன். மனுஷனுக்கு வீடு என்று ஒன்று இருக்கும், சமையலறையிலிருந்து கூப்பிடுவார்கள், அதற்கு ஒரு வழி வைக்காமல் உத்தியோகம் என்று பெயர் வைத்திருக்கிறீர்களே என்று கேட்டேன். உங்கள் கருத்துக்கு நன்றி என்று இயந்திரம் பதில் போட்டது. சில மாதம் கழித்துப் புதிய பதிப்பு வந்தது. இனி கெரியர் மோடிலும் நடுவில் நிறுத்திவைக்கலாம் என்று போட்டிருந்தார்கள். படித்துவிட்டுக் குலுங்கிக் குலுங்கி அழுதேன்.

அழுது முடித்தபோதுதான் எனக்கே உறைத்தது. வெளியேறும் பொத்தான் முதல் நாளிலிருந்தே இருந்தது. கீபோர்டில் இடது பக்க மூலையில் இருக்கிறது, ஒரு விரல் போதும். அழுத்தியிருந்தால் பன்னிரண்டு புள்ளி போயிருக்கும். இந்தத் தெருவில் ஒருவருக்கும் தெரியாத, மகனுக்குக்கூடத் தெரியாத ஒரு நல்ல பெயரில் பன்னிரண்டு புள்ளி.

அவள் விழுந்த இரவு என் மகன் பெங்களூரிலிருந்து ஓடிவந்து, ஆஸ்பத்திரி வராந்தாவில் என் கையைப் பிடித்துக்கொண்டு முதலில் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

“நைனா, அம்மா சாப்ட்டாங்களா?”

“பொழுதோட சாப்ட்டுட்டாடா” என்றேன்.

அவன் அதையே உறவுக்காரர்கள் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறான். துக்கத்துக்கு வந்தவர்கள் அவள் கடைசிவரை நியமம் தவறாதவள் என்றார்கள், ஒருவர் என் காலைத் தொட்டுக் கும்பிட்டார். அவள் அன்று மத்தியானத்துக்குப் பிறகு ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. பசியோடுதான் போனாள். இன்றுவரை என் மகனிடம் நான் இதைச் சொல்லவில்லை.