வராத அணியை வென்றவர்கள்

சிட்னியின் மேற்குப் புறநகர்களில் கோடை ஞாயிறுகளில் நடந்த எங்கள் கிரிக்கெட் போட்டியில் பத்து அணிகள் இருந்தன. ஒன்பது அணிகள் நாங்கள் விட்டு வந்த ஊரில் பெயர்பெற்ற பள்ளிக்கூடங்களின் பழைய மாணவர்களுடையவை. பத்தாவதைக் கலவன் என்று அழைத்தார்கள். சிட்னியில் பழைய மாணவர் சங்கம் வைக்குமளவுக்குப் பெயரெடுக்காத பள்ளிக்கூடங்களில் படித்தவர்கள், மலேசியாவிலிருந்து வந்த ஒரு பொறியியலாளர், சென்னையிலிருந்து வந்த இரண்டு கணினிக்காரர்கள் என்று அந்த அணி சேர்ந்திருந்தது. போட்டியை நடத்திய சங்கத்தின் யாப்பில், அதாவது விதிப் புத்தகத்தில், அதற்கு 'விருந்தினர் அணி' என்று பெயர். விருந்தினர் அணி மூன்று சீசனுக்குள் ஒருமுறையாவது அரையிறுதிக்கு வரவேண்டும். வராவிட்டால் அதன் இடம் போய்விடும். விருந்தினருக்குக் காலக்கெடு வைப்பது நம் வழக்கமா என்று ஒருமுறை கேட்டேன். வழக்கம் இல்லை அண்ணை, யாப்பு என்று பதில் வந்தது.

நான் அரசாங்கத் திணைக்களம் ஒன்றில் கூட்டங்களுக்கு விதி சொல்லியே ஓய்வுபெற்றவன். ஆகவே சங்கத்திலும் விதிகள் என் தலையில் விழுந்தன.

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில் ஒரு கோடை. கலவனுக்கு அது மூன்றாவது சீசன்.

முதற்சுற்றுக்கு மைதானம் எங்களுக்கு ஐந்து ஞாயிறுகள்தான் கிடைத்தது. எனவே எல்லா அணிகளும் ஒன்றையொன்று சந்திக்க முடியாது. யாருக்கு யார் எதிர் என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவுசெய்தோம். அந்த ஆண்டு பட்டியலின் உச்சியில் முடித்த மூன்று அணிகளும் கலவனுக்கு விழுந்தன. சங்கத் தலைவரின் பள்ளி அணிக்கு அவற்றில் ஒன்றுகூட விழவில்லை. அதற்குக் கிடைத்தவை அடியில் கிடந்த அணிகள். அவற்றில் ஒன்று மெல்போர்னில் நடந்த கலியாணத்துக்குப் பாதிப்பேர் போய்விட்டதால் மைதானத்துக்கே வரவில்லை. தலைவரின் அணி நாணயத்தைக்கூடச் சுண்டாமல் முழுப் புள்ளியும் பெற்று, மரநிழலில் சோற்றுப் பார்சலைச் சாப்பிட்டுவிட்டு வீடு போனது.

முடிவில் நான்காம் இடத்துக்கு இரு அணிகளும் சமபுள்ளியில் நின்றன. சமன் வந்தால் ஓட்ட விகிதத்தைப் பார்க்கவேண்டும் என்பது விதி. பந்தைப் பிடிக்கத் தெரியாதவர்களுக்கு எதிராக அடித்துக் குவித்திருந்த தலைவரின் அணி அதில் மேலே இருந்தது.

கலவனின் கப்டன் வன்னியிலிருந்து வந்தவர். இறைச்சி வைக்கும் குளிர்க் களஞ்சியத்தில் வேலை. பரமட்டா ரயில் நிலையத்தில் என்னைக் கண்டு நிறுத்தினார்.

"ஐயா, தோத்தாப் பரவாயில்லை. ஞாயிறு இல்லையெண்டா நான் கிழமை முழுக்க ஒருத்தரோடையும் கதைக்கிறேல்லை. உள்ளுக்க இருக்கிற குளிருக்கு வாய் திறக்கவும் ஏலாது."

"கூட்டத்தில கதைக்கிறன் தம்பி."

"வெல்லுவமோ?"

"கதைக்கிறன் எண்டுதான் சொன்னனான்."

கூட்டம் ஒரு நூலகத்தின் மேல்மாடி அறையில் நடந்தது. இரு அணிகள் சமமாக நின்றால், யாருடைய எதிரணிகள் கூடுதலான புள்ளி எடுத்திருக்கின்றனவோ அந்த அணியே மேலே போகவேண்டும் என்று பிரேரித்தேன். தலைவர் பல் வைத்தியர். வலிக்காது என்று சொல்லிச் சொல்லியே பழகிய குரல்.

"புள்ளி புள்ளிதானே அண்ணை. ஆரோட விளையாடி எடுத்தா என்ன?"

"டொக்டர், உங்கட மகள் எச்.எஸ்.சிக்குத் தமிழ் எடுக்காமல் விட்டவவாம். ஏன்?"

"அது ஸ்கேலிங்கில அடிபட்டுப்போம். அதில எவ்வளவு எடுத்தாலும்..." என்றவர் நிறுத்திக்கொண்டார்.

எங்கள் பெற்றோருக்குப் பிள்ளையின் இரத்த வகை தெரியாதிருக்கலாம், ஸ்கேலிங் தெரியாதிருக்காது. பல்கலைக்கழக இடத்தைத் தீர்மானிக்கும் எச்.எஸ்.சி தேர்வில், கெட்டிக்காரர்கள் கூடும் பாடத்தில் எடுத்த மதிப்பெண் ஏறும், மற்றப் பாடத்தில் எடுத்தது இறங்கும் என்பதைச் சாப்பாட்டு மேசையில் ஓதாத வீடு கிடையாது. அதே ஆட்கள் மைதானத்தில் மட்டும் எல்லா வெற்றியும் ஒரே எடை என்று நம்பினார்கள்.

"டொக்டர், உங்கட டீம் சும்மா இருந்து பாஸாகிற பாடமெல்லோ எடுத்தது!" என்றது பின்வரிசை.

"அதிலயும் ஒரு சோதினைக்கு வாத்தியாரே வரேல்லை!"

அறை சிரித்தது. கலவன் கப்டன் எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தார். தலைவரும் சிரித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, "ஒரு ஒழுங்குப் பிரச்சினை" என்று கூட்ட விதியைக் கிளப்பினார்.

"சீசன் தொடங்கினாப் பிறகு விதியை மாத்தேலாது எண்டு யாப்பில கிடக்கு. அதை எழுதினது ஆர் அண்ணை?"

"நான்தான்."

"அப்ப நீங்களே தீர்ப்பைச் சொல்லுங்கோ."

அந்த விதியைப் பெரிய பள்ளிகளுக்கு எதிராகத்தான் எழுதியிருந்தேன். தோற்கும் நேரத்தில் அவர்கள் விதியை வளைத்துச் சின்ன அணிகளை நசுக்கக் கூடாது என்பதற்காக. தலைவருக்கும் அது தெரியும். ஆனால் ஒரு விதி, தான் யாருக்காக எழுதப்பட்டது என்பதை நினைவில் வைத்திருப்பதில்லை.

"தலைவர் சொல்வது சரி. பிரேரணை ஒழுங்குக்கு முரணானது" என்றேன். என் பிரேரணையை நானே தள்ளினேன். இன்று கேட்டாலும் அதே தீர்ப்பைத்தான் சொல்வேன். அதனால் அந்த மாலை கொஞ்சமும் லேசாகிவிடவில்லை.

புதிய விதியை அடுத்த சீசனிலிருந்து நடைமுறைப்படுத்தலாம் என்று ஏகமனதாக முடிவெடுத்தார்கள். கலவன் கப்டனும் கை உயர்த்தினார். அடுத்த சீசனில் தன் அணி இருக்காது என்பது அவருக்கு அந்த நிமிடம் உறைத்திருக்கவில்லை. கீழே வந்தபோதுதான் உறைத்தது.

"எல்லாரும் சிரிச்சவையே ஐயா. நாங்கள் வெண்டிட்டம் எண்டெல்லோ நினைச்சன்."

"சிரிப்பை வாக்கில சேர்க்கிறேல்லைத் தம்பி."

கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "ரெயினுக்கு நேரமாச்சு. போட்டு வாறன் ஐயா."

அரையிறுதியில் தலைவரின் அணி தேநீர் இடைவேளைக்கு முன்பே சுருண்டது. அதைச் சொல்லிக் கலவனுக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

அடுத்த ஆண்டு ஒன்பது அணிகள். ஒவ்வொரு ஞாயிறும் ஓர் அணிக்கு எதிராளி இல்லை. அட்டவணையில் அந்த இடத்தில் 'ஓய்வு' என்று போட்டோம். ஓய்வு விழுந்த அணிக்கு எதிரணியின் பலம் எவ்வளவு என்று கணக்கிடுவது அண்ணை என்று ஒருவர் கேட்டார். பூச்சியம் என்றேன்.

கப்டனை என் பள்ளி அணியிலாவது சேர்க்கலாமா என்று விசாரித்தேன். பழைய மாணவர் மட்டும் என்றார்கள்.

சில மாதங்கள் கழித்து ஹரிஸ் பார்க்கில் ஓர் இனிப்புக் கடை வரிசையில் அவர் எனக்கு முன்னால் நின்றார்.

"ஞாயிறுகளில என்ன செய்யிறியள் தம்பி?"

"வேலைதான் ஐயா. ஞாயிறும் கேட்டு எடுத்திட்டன்."

அந்த ஒரு வரியைச் சொல்வதற்குள், நாட்கணக்கில் பேசாதவர்போல, இரண்டு தடவை தொண்டையைச் செருமவேண்டியிருந்தது அவருக்கு.