தரையில் புரண்ட சேலை

எண்பதுகளின் தொடக்கத்தில், கோவில்பட்டி பஸ் நிலையத்துக்குப் பக்கத்துச் சந்தில் கிளினிக் வைத்திருந்தேன். வெள்ளிக்கிழமைதோறும் பதினோரு மணி பஸ்ஸில் என் அக்கா வருவாள். எட்டயபுரத்துக்கு அந்தப் பக்கம் அவள் ஊர். கூடை வைக்க இடம் வேண்டுமென்று கடைசி சீட்டில்தான் உட்காருவாள். கூடையில் முருங்கைக்கீரையும் எள்ளுருண்டையும் இருக்கும். வந்ததும் நோயாளிகள் பெஞ்சில் உட்கார்ந்து, பக்கத்தில் இருப்பவர்களிடம் என் சின்ன வயதுக் கதைகளைச் சொல்லி மானத்தை வாங்குவாள். எனக்கு எரிச்சலாக வரும். இன்றைக்கு அந்த எரிச்சலுக்கே ஏங்குகிறேன்.

என்னைவிடப் பத்து வயது மூத்தவள். எங்கள் வீட்டுப் பெண்களிலேயே உயரம். முப்பத்தைந்து வயதில் கர்ப்பப்பையோடு சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். நான் படித்த காலத்தில் வீட்டில் இரண்டு எருமைகள் கறந்தன. பால் எனக்கும் சொசைட்டிக்கும் போகும். அவளுக்குக் கருப்பட்டி போட்ட கடுங்காப்பி. எலும்பு உள்ளுக்குள் பொக்காகிப்போக வேறென்ன வேண்டும்? டாக்டருக்குப் படித்த எனக்கு இதெல்லாம் தெரிந்திருக்க வேண்டும்.

ஐம்பதைத் தாண்டிய பிறகு ஒரு வெள்ளிக்கிழமை சொன்னாள்: “ஏலே தம்பி, இப்பல்லாம் சேலைய அகலமால்லா நெய்யுதானுவ. எவ்வளவு ஒசத்திச் சொருகினாலும் தரையில பொரளுது.”

“கடைக்காரன் ஒனக்கு மட்டும் தாராளமாக் குடுக்கான்போல யக்கா,” என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம்.

அந்தக் கோடையில் கரிசல் ரோடு பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியதில், கடைசி சீட்டில் இருந்த அக்கா தூக்கிப் போடப்பட்டாள். முதுகைப் பிடித்தபடி கிளினிக்குக்குள் வந்தாள். நான் அழுத்திப் பார்த்துவிட்டு, சதைப்பிடிப்பு என்று வலி மாத்திரை கொடுத்து, அதே பஸ்ஸில் திருப்பி அனுப்பினேன். பெஞ்சில் அன்று கூட்டம் அதிகம்.

மூன்று வாரமாகியும் வலி போகாததால் எக்ஸ்ரே எடுத்தேன். வெள்ளையாகத் தெரிய வேண்டிய எலும்பு புகைமூட்டமாக இருந்தது. முதுகெலும்பு அடுக்கில் ஒரு எலும்பு முன்பக்கம் நசுங்கி ஆப்பு மாதிரி நின்றது. அதற்கு மேலே இன்னொன்று, எப்போதோ நசுங்கியது. அப்போதுதான் சேலை ஞாபகம் வந்தது. சேலை அகலமாகவில்லை, அக்கா குட்டையாகியிருந்தாள்.

எலும்பின் அடர்த்தியை அளக்கும் கருவியெல்லாம் அன்று எங்கள் பக்கம் கிடையாது. தெரிந்ததைச் செய்தேன். கால்சியம், வைட்டமின் டி, சில வாரத்துக்கு இடுப்புப் பெல்ட், தினம் இரண்டு டம்ளர் பால், காலை வெயிலில் நடை. குனிந்து குடம் தூக்கக்கூடாது. கடைசியாக, பஸ்ஸில் போகக்கூடாது.

“அப்ப ஒன்னைய எப்படிப் பாக்க?” என்றாள்.

“ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை நான் வாரேன்.”

அதற்குப் பிறகு ஐம்பது தாண்டிய பெண் யார் வந்தாலும், சுவரில் நிறுத்தி உயரம் குறித்துக்கொள்வேன். “சேலை தரையில் புரளுதாம்மா?” என்று கேட்பேன். இடுப்பெலும்பு முறியும் முன்பே பலரின் நோயைக் கண்டுபிடித்தேன். ஊரில் கெட்டிக்கார டாக்டர் என்று பெயர். அது அக்கா முதுகில் நான் படித்த பாடம்.

ஆனால் தீப்பெட்டி செய்யும் ஆபீஸ்களுக்கு ஞாயிறுதான் லீவு; கிளினிக்கில் அன்றுதான் கூட்டம். நான் போவது மாதம் ஒன்றாகி, அப்புறம் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் என்றானது. அவள் ஊரில் வெள்ளாமை பார்க்கும் சம்சாரி ஒருவர் மருந்துக்கு வந்தபோது சொன்னார்: “அக்காவத்தான பஸ்ல வரப்புடாதுன்னிய. டாக்டரும் வரப்புடாதான்னு கேட்டுட்டு வரச் சொன்னாவ.” அந்த வாரமே ஓடினேன். அடுத்த வாரம் போகவில்லை.

ஆறு வருடம் இருந்தாள். முதுகு மறுபடி நசுங்கவில்லை. கடைசியில் காய்ச்சலில் போனாள்.

கிளினிக்கை மூடிப் பல காலமாகிறது. வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு இப்போதும் வாசலைப் பார்க்கிறேன். நான் வைத்தியம் பார்த்த அத்தனை பேரில், சொன்னதை ஒன்றுவிடாமல் கேட்டவள் அக்கா ஒருத்திதான். ஒரே ஒரு வெள்ளிக்கிழமையாவது என் பேச்சைக் கேட்காமல் அவள் பஸ் ஏறி வந்திருக்கலாம்.