ரூபேந்திரன் போட்ட அட்சதை

ரெங்கம் ஊர்க்காரன் ரூபேந்திரன் இன்று கல்யாணப் படம் எடுப்பதில் பெயர் வாங்கியவன். அவன் படம் எடுத்த முதல் கல்யாணத்தைப் பற்றி மட்டும் கேட்டால், உடனே லென்ஸைத் துடைக்க ஆரம்பித்துவிடுவான்.

தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டுக் கேமரா வாங்கிய புதிது. யோங் பெங் ஊர்க் கோயில் மண்டபத்தில் தங்கராஜு என்பவரின் மகளுக்குக் கல்யாணம். ரூபேந்திரன் கறுப்புச் சட்டையும் இரண்டு தோளிலும் பையுமாகப் போருக்குப் போகிறவன் போல வந்து இறங்கினான். வாழைமரம், செருப்புக் குவியல், நாற்காலியில் தூங்கும் மாமா என்று எதையும் அவன் விட்டுவைக்கவில்லை.

தாலி கட்டும் நேரம் வந்தது. அட்சதைத் தட்டு அவனிடமும் வந்தது. சின்ன வயதிலிருந்தே அந்தத் தட்டை மறுத்துப் பழக்கமில்லாதவன், கை நிறைய அள்ளிக்கொண்டான். கெட்டிமேளம் முழங்கியது. கேமரா கழுத்தில் தொங்க, ரூபேந்திரன் இரண்டு கையாலும் மனதார அட்சதை தூவினான். தூவி முடித்துக் கேமராவைக் கண்ணில் வைத்தபோது மூன்று முடிச்சும் போட்டாகிவிட்டது.

மறுவாரம் தங்கராஜு ஆல்பத்தை இரண்டு முறை புரட்டிப் பார்த்தார்.

"தம்பி, தாலி கட்டுற படம் எங்கப்பா?"

"வாழ்த்திக்கிட்டு இருந்தேன் அங்கிள்."

"ஐயோ, அலமாக்! வாழ்த்துறதுக்குத்தான் மண்டபம் நிறைய ஆள் இருந்தாங்களே லா."

இப்போது அவன் போகும் கல்யாணங்களுக்கெல்லாம் மனைவி யோகேஸ்வரியும் உதவியாளராகப் போகிறாள். கேமராவை அவள் தொடுவதே இல்லை. தட்டு வரும்போது அவனுக்கும் சேர்த்து அட்சதை போடுவதுதான் அவள் வேலை.