பாசிக்குக் காவல்

போன கிழமை நான் லட்சக்கணக்கான உயிர்களைக் கொன்றுபோட்டேன். பயப்படாதீர்கள், பொலிஸ் வரவில்லை. ஆனால் வருமோ என்று நான் கேற்றடியில் எட்டிப் பார்த்தது உண்மை.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் வாவி. தோணி கட்டுகிற கம்பில், தர்ஷினி என்ற கெம்பஸ் பிள்ளை ஒரு சின்னச் சட்டத்தைத் தண்ணீருக்குள் தொங்கவிட்டிருந்தாள். சட்டம் முழுக்கக் கண்ணாடித் துண்டுகள். அதில் பாசி பிடிக்க வேண்டுமாம். இறுதி வருட ஆய்வே அதுதானாம்!

"எங்கட படிக்கட்டில நிறையக் கிடக்கே மகள், சுரண்டித் தாறன்."

"சுரண்டினா குலைஞ்சிரும் அங்கிள். பாசியும் பக்டீரியாவும் சேர்ந்து வீடு கட்டி இருக்கும். கண்ணாடியில தானா குடியேறினா, அப்படியே உயிரோட பார்க்கலாம்."

ஒரு துண்டை எடுத்து, வாவித் தண்ணீர் சொட்டச் சொட்ட, எங்கள் விறாந்தையிலேயே மைக்ரோஸ்கோப்பில் வைத்துக் காட்டினாள். அம்மாடி! குட்டிக் குட்டித் தோணிகள் போல என்னமோ வழுக்கிக்கொண்டு போகிறது... ஆண்டு எட்டோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அப்போதே இதைக் காட்டியிருந்தால் ஒன்பதுக்கும் போயிருப்பேனோ?

அன்றைக்குப் பிடித்தது சனி. நண்டு கடிக்குமோ? வலையில் மாட்டுமோ? முடிச்சை இறுக்கினேன். மறுநாள் இன்னும் இறுக்கினேன்.

"இஞ்சாருங்க, நம்மட மகளுக்குச் சம்பந்தம் பேசக்குள்ளயும் நீங்க இப்படி அந்தரப்படல்லயே!" என்றாள் மனைவி.

அவளுடைய இன்னொரு சட்டம் ஏறாவூரில், என் சினேகிதர் ஹனீபா நானாவின் தோணிக் கம்பில். அவர் ஏனோதானோவென்று ஒரு முடிச்சுப் போட்டார். "அது கிடக்கும்" என்றார். மறந்துபோனார்.

பிறகு மழை. வெள்ளம் வயலுக்கு ஏறுகிறதென்று முகத்துவாரத்து மணல்திட்டை வெட்டிவிட்டார்கள். வாவித் தண்ணீர் கடலுக்கு ஓடி, மட்டம் மளமளவென்று இறங்கியது. எட்டிப் பார்க்கிறேன் — நான் இறுக்கிக் கட்டிய சட்டம் காற்றில் தொங்குகிறது! காய்ந்தால் செத்துவிடாதா? தர்ஷினிக்கு அழைத்தேன், லைன் கிடைக்கவில்லை. அவிழ்த்துக்கொண்டு ஓடிவந்து வாளித் தண்ணீருக்குள் அமுக்கிய பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

மறுநாள் அவள் வந்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்தாள். முகம் மாறியது.

"ஒண்டும் அசையல்ல அங்கிள். என்ன தண்ணில வச்சீங்க?"

"நம்மட கிணத்துத் தண்ணி மகள். வெள்ளத்துக்கெண்டு குளோரின் போட்டது. பயத்தில நான் இன்னும் கொஞ்சம் கூடவே போட்டன். ஒரு கிருமி இருக்காது!"

சொல்லி முடிக்கும்போதுதான் எனக்கே விளங்கியது.

அவள் கண் கலங்கிவிட்டது. "நானாட சட்டமும் காய்ஞ்சிருந்தா, எல்லாம் முதல்ல இருந்து... என்ட பட்ச்சோட முடிக்க ஏலாது."

ஏறாவூருக்குப் போனோம். கம்பில் ஒன்றுமில்லை. நானா தலையைச் சொறிந்தார். "சட்டமா? எந்தச் சட்டம் புள்ள?"

முடிச்சு எப்போதோ அவிழ்ந்து, சட்டம் அப்படியே தண்ணீருக்குள் விழுந்திருக்கிறது. முழங்காலளவுத் தண்ணீரில் தடவித் தூக்கினால்... பச்சைப் பசேலென்று பாசி! கொண்டுபோன மைக்ரோஸ்கோப்பில் அங்கேயே வைத்துப் பார்த்தோம். அந்தக் குட்டித் தோணிகள் ஓடிக்கொண்டிருந்தன. தர்ஷினி சிரித்தாள். நானாவும் சிரித்தார், எதற்கென்று தெரியாமலே.

திரும்பும் வழியில் அவள் கேட்டாள். "உங்கட கம்பில புதுசா ஒண்டு கட்டட்டா அங்கிள்? ஆனா ஒரு கண்டிஷன். நீங்க அதப் பத்தி நினைக்கவே கூடாது."

நினைக்காமல் இருப்பது எப்படி? இப்போது அதுதான் என் கவலை. நேற்று ஹனீபா நானாவிடமே கேட்டுப் பழகலாமென்று, வருகிறேன் என முதலே போனில் சொல்லிவிட்டுப் போனேன்.

வீடு பூட்டிக் கிடந்தது. மனுஷன் மறந்துபோனார்!