டிரெய்லரில் போன நீர்மூழ்கி

துறையூர் பஸ் திருவானைக்காவலைத் தாண்டியதும் நின்றுவிடுகிறது. முன்னால், பாய்லர் உருளை ஏற்றிய ராட்சத டிரெய்லர். உருளைமேல் நிற்பவர் மூங்கில் கழியால் கேபிள் கம்பியைத் தூக்கிப் பிடிக்க, வண்டி அங்குலம் அங்குலமாக அடியில் நுழைகிறது. கைதட்டுகிறோம். அடுத்தது மின்கம்பி. கரண்டை நிறுத்தும்வரை யாரும் நகர முடியாது.

டீக்கடையில் டிரெய்லர் டிரைவர் என் புத்தகத்தை எட்டிப் பார்க்கிறார்.

"என்ன சார் இது?"

"ஜெர்மன்காரனோட சின்ன நீர்மூழ்கிங்க. கரையோரம் ஓட்டக் கட்டினது, உள்ளே இருபத்தஞ்சு பேர்தான். ரெண்டாம் உலக யுத்தத்துல கருங்கடலுக்கு ஆறு பாதி, ரோடு பாதியா கொண்டுபோனாங்க."

படத்தில் துருத்தி நிற்கும் கோபுரத்தை அவர் விரலால் மறைக்கிறார். "இதைக் கழட்டியிருப்பாங்க. அப்பறம் ஒருக்களிச்சுப் படுக்க வச்சிருப்பாங்க. நிமித்தி வச்சா பாலத்துல இடிக்கும்ங்க."

"அப்படியெல்லாம் இருக்காதுங்க" என்கிறேன். மூன்று நாளாகப் படிப்பவன் நான் அல்லவா! பக்கத்தைத் திருப்புகிறேன். கோபுரம் இல்லாத நீர்மூழ்கி, டிரெய்லரில் ஒருக்களித்துப் படுத்திருக்கிறது.

அவர் அதைப் பார்க்கக்கூட இல்லை. டீ கிளாஸை வைத்துவிட்டு எழுகிறார்.

"கம்பி தூக்க எத்தனை பேரு போனாங்க சார்?"

அதைப் பற்றிப் புத்தகத்தில் ஒரு வரிகூட இல்லை.